நாலாவது கைப்பிடி

ஆர்லோ டட்டிலுக்கு எதுவும் அழுக்காக இருந்தால் ஆகாது. டைனரில் சாப்பிட உட்கார்ந்தால் தன் முள்கரண்டியைத் துடைத்துவிட்டு எதிரில் இருப்பவரின் முள்கரண்டியையும் பிடுங்கித் துடைப்பார். பிளிம்ப்களில் வேலை பார்த்தவர்கள் எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான், இவர் கொஞ்சம் அதிகம். அந்தக் குணத்தை வைத்து நான் அவரை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். கான்னி ஹாலொரன் விஷயத்துக்குப் பிறகு ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

நியூ ஜெர்சி கடற்கரையில் ஸ்டார்க்கி முனை என்றால் எல்லாருக்கும் எங்கள் ஹேங்கர்தான் ஞாபகத்துக்கு வரும். போர்க்காலத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு என்று முழுக்க முழுக்க மரத்தில் கட்டிய கொட்டகை அது. ஆறு பிளிம்ப்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இடம். ஹீலியம் அடைத்த பெரிய பை, உள்ளே எலும்பு கிடையாது, அடியில் ஆட்கள் உட்கார ஒரு கூண்டு, பிளிம்ப் என்றால் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நீர்மூழ்கிகளைத் தேடி அட்லாண்டிக்கின் மேலே நாள் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கடற்படை, இனி பிளிம்ப்களே வேண்டாம் என்று விட்ட பிறகு அங்கே புறாக்கள் குடியேறின. புறாக்களுக்குப் பிறகு நாங்கள் குடியேறி, அருங்காட்சியகம் என்று பலகை மாட்டினோம். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா கிடக்க முடியாமல் அந்த இடத்தின் சாவியை வாங்கிக்கொண்டவள் நான். மற்றவர்கள் எல்லாம் பழைய பிளிம்ப் ஆட்கள். அவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. கூரை ஒழுகும், குளிர்காலத்தில் கழிப்பறை உறைந்துபோகும், சங்கத்தில் சண்டை மட்டும் எல்லாக் காலத்திலும் நடக்கும்.

வருஷா வருஷம் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தளத்திலிருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை வாசிப்போம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பிளிம்ப் கிளம்பும்போது தரையில் நிற்கிறவர்கள் கயிற்றைப் பிடித்து அதை இழுத்து வைத்திருப்பார்கள். உத்தரவு வந்ததும் எல்லாரும் ஒரே நொடியில் கயிற்றை விட வேண்டும். விடாமல் பிடித்திருந்தவன் கயிற்றோடு மேலே போய்விடுவான், அப்படிப் போய் விழுந்து செத்தவர்களும் உண்டு. அதனால் பெயர் வாசிக்கும் நாளில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரு பெயர் வாசித்ததும் எல்லாரும் கையை விரிப்போம். கயிறு சிமென்ட் தரையில் விழும் சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்கும். பிறகு குனிந்து எடுத்துக்கொண்டு அடுத்த பெயருக்குக் காத்திருப்போம்.

லெப்டினன்ட் எம்மெட் ஹாலொரனின் பெயரை மட்டும் வாசித்ததே இல்லை.

ஐம்பத்து நாலாம் வருஷம் மார்ச் மாதப் பனிமூட்டத்தில் அவர் ஓட்டிப்போன கப்பல் கடலில் விழுந்தது. பிளிம்ப்பை அந்த ஆட்கள் கப்பல் என்றுதான் சொல்வார்கள். பையில் எங்கோ கிழிசல், வாயு போய்க்கொண்டே இருக்கிறது, கப்பல் கனத்துப்போய் இறங்குகிறது. அப்போது விமானி செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு கைப்பிடியைக் கீழே இழுத்தால் கூண்டுக்கு அடியில் இருக்கும் எரிபொருள் தொட்டிகள் கழன்று விழும், பாரம் குறைந்து கப்பல் துள்ளி மேலே ஏறும். அன்றைக்குத் துள்ளவில்லை. விமானியோடு சேர்த்து ஏழு பேர் செத்தார்கள், பிழைத்தவன் ஒருவன். தொட்டி கழலவே இல்லை, கழன்றிருந்தால் அந்தத் துள்ளல் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவன் விசாரணையில் சொன்னான். விமானி பயத்தில் உறைந்துபோய்க் கைப்பிடியைத் தொடவே இல்லை, ஆறு பேரின் சாவும் அவர் தலையில்தான் என்று முடிவு கட்டினார்கள். செத்த மனுஷன் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறார்?

கான்னி அவருடைய ஒரே மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அவள் அம்மா ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்று பிடிவாதமாக இங்கேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர்கள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள் என்பது எனக்கே ஞாபகம் இருக்கிறது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் கான்னி இங்கேதான் இருந்தாள், பல் மருத்துவரிடம் உதவியாளராக. ஒவ்வொரு மே மாதமும் வருவாள். கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்பாவோடு செத்த ஆறு பேருக்கும் கையை விரிப்பாள், அப்பாவுக்கு விரிக்காமல் வீட்டுக்குப் போவாள். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அப்படியிருக்கும்போதுதான், பல வருஷம் கழித்து ஓர் இலையுதிர் காலத்தில், சிப்பி வாரும் படகு ஒன்றின் வலையில் ஹாலொரன் ஓட்டிப்போன கப்பலின் கூண்டு சிக்கியது. அடிப்பாகத்தையும் தொட்டிகளையும் அவற்றைக் கைப்பிடியோடு இணைக்கும் கம்பிகளையும் கடல் தின்றுவிட்டிருந்தது. விமானி உட்காரும் முன்பக்கம் மட்டும் மிச்சம். எங்களிடம் கொண்டுவந்து இறக்கினார்கள். உப்பு இறங்க வேண்டும் என்று குளிர்காலம் முழுக்க நல்ல தண்ணீரில் ஊறப் போட்டோம்.

கான்னி சங்கத் தலைவர் ஹோலிஸ் ப்ரின்னிடம் போய் நின்றாள். ஹோலிஸின் அண்ணன் அந்தக் கப்பலில் வானொலி ஆளாக இருந்து செத்தவர். ஹாலொரனின் பெயர் வாசிக்கக் கூடாது என்று இத்தனை வருஷம் மறித்து நின்றவரும் ஹோலிஸ்தான். கல்நெஞ்சக்காரர், ஆனால் பேச்சு மாறாதவர். கைப்பிடி கீழே இருந்தால் உன் அப்பா இழுத்திருக்கிறார், கம்பிதான் அறுந்து ஏமாற்றிவிட்டது என்று ஒத்துக்கொள்கிறேன், என் வாயாலேயே பெயரை வாசிக்கிறேன் என்றார். மேலே இருந்தால் இனிமேல் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். கான்னி சரி என்றாள். யோசிக்கக்கூட இல்லை. அப்பா இழுத்திருப்பார் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கூண்டின் உள்ளே எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பும் சிப்பியும் உள்ளங்கை கனத்துக்கு அப்பியிருந்தது. எது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. ஆர்லோவுக்குத் தெரிந்தது. அவர் இதே தளத்தில், இதைப் போன்ற கப்பல்களில் வேலை பார்த்தவர். தொட்டிக் கைப்பிடி விமானியின் இடது தோளுக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரமாக இருக்கும் என்றார். அந்த இடத்தில் ரொட்டி அளவுக்கு ஒரு சுண்ணாம்புக் கட்டி இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண்மணி எக்ஸ்ரே கருவியோடு வந்து உடைக்காமலே உள்ளே பார்த்துச் சொல்கிறேன் என்றிருந்தாள். அதுவரை யாரும் அந்தக் கட்டியைத் தொடக்கூடாது என்று ஆர்லோ அதில் சிவப்புத் துணி கட்டிக் காவல் காத்தார். மற்ற இடங்களை மட்டும் தினமும் சுத்தம் செய்தார்.

ஒருநாள் நானும் கான்னியும் போர்க் ரோல் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு போனபோது, விமானியின் தலைக்கு மேலே இருந்த கைப்பிடி வரிசை பளபளவென்று இருந்தது. மொத்தம் ஏழு. மேலே அப்பியிருந்தது ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்துவிட்டதாம். ஒரு வாரம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் போட்டு, எல்லாவற்றையும் அசைய வைத்துவிட்டிருந்தார். இதெல்லாம் காற்று வால்வு, வாயு வால்வுக் கைப்பிடிகள் என்று பெருமையாகக் காட்டினார்.

"யோவ் ஆர்லோ, விட்டா இதை ஓட்டிட்டே போயிடுவ போலிருக்கே" என்றேன்.

"நீ வேணா ஏறிக்கோ வாண்டா. பஸ் மாதிரி குழியில மட்டும் விட்டுடாத" என்றார். கான்னி சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எக்ஸ்ரே எடுக்கும் நாளன்று ஹோலிஸ் கோட்டும் சங்கத் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தார். பல்கலைக்கழகப் பெண்மணி தன் வண்டியிலேயே படத்தைக் கழுவி எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். சுண்ணாம்புக் கட்டிக்குள் இருந்தது கைப்பிடி இல்லை. சைகை விளக்கை மாட்டி வைக்கும் கொக்கி.

ஆர்லோ நம்பவில்லை. இன்னொரு படம் எடு என்றார். அதிலும் கொக்கிதான். தான் வேலை பார்த்த காலத்தில் கைப்பிடி இங்கேதான் இருந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பெண்மணி பொறுமையாகக் கேட்டாள். நீங்கள் வேலை பார்த்த கப்பல்களுக்குப் பிறகு அடுத்த மாதிரி வந்ததே, அதில் இடத்தை மாற்றியிருக்கலாமே என்றாள். நான் ஏணியைப் போட்டு ஏறி, தலைக்கு மேலே இருந்த அந்த வரிசையில் ஒவ்வொரு கைப்பிடிக்கும் அடியில் இருந்த பித்தளைத் தகட்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன். காற்று, காற்று, வாயு என்று இருந்தது. நாலாவதில் தொட்டி என்று இருந்தது.

சொன்னேன். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏழு கைப்பிடிகளும் மேலே இருந்தன, ஒரு நூல்கூடப் பிசகாமல் ஒரே வரிசையில்.

ஹோலிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பாத்தாச்சும்மா" என்றார் கான்னியிடம். குத்திக்காட்டும் குரல் இல்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. கான்னி கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு ஹோலிஸ்" என்றார் ஆர்லோ. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. "அதையெல்லாம் மேலே தள்ளினது நான்தான்."

பிளிம்ப் ஆட்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. கூண்டை விட்டு இறங்கும் முன்னால் கைப்பிடி வரிசையில் கையை ஓட்டி எல்லாவற்றையும் மேலே தள்ளிவிட்டுத்தான் இறங்குவார்கள். ஒன்று கீழே இருந்துவிட்டால் ஆளில்லாத கப்பலில் வாயு போய்விடும், இல்லையென்றால் தொட்டி யார் தலையிலாவது விழும். பயிற்சியில் அதைத் திட்டித் திட்டியே கைக்குப் பழக்கியிருந்தார்கள். ஆர்லோவும் வேலை முடிந்து இறங்கும்போதெல்லாம் தள்ளிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார், தள்ளுகிறோம் என்று நினைக்காமலே.

கான்னி அவர் பக்கம் திரும்பினாள். "தள்ளினீங்கன்னா அது கீழேதானே இருந்திருக்கணும்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. வால்வுக் கைப்பிடிதானேன்னு எது எப்படி இருந்துச்சுன்னு நான் பார்த்துக்கவே இல்ல. கையை வரிசையா ஓட்டுவேன். கீழே இருக்கிறது மேலே போகும். மேலே இருக்கிறது அப்படியே இருக்கும். நாலாவது நகர்ந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியல."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுட்டுதான் சொல்றேன்."

பல்கலைக்கழகப் பெண்மணி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே இடத்தில் நின்ற கைப்பிடி என்றால் நின்ற இடத்தில் தடம் இருக்கும். ஆர்லோவின் உப்புத்தாள் அந்தத் தடத்தையும் விட்டுவைக்கவில்லை. பெயர்ந்து வந்த பாளத்தைக் கேட்டாள். அதை அவர் அன்றைக்கே பொடியாக்கிக் குப்பையில் போட்டுவிட்டிருந்தார். ஒன்றும் தெரியாதபோது நான் எதையும் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஹோலிஸ் போனார்.

நான் ஆர்லோவைத் திட்டினேன். வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். கான்னி திட்டவில்லை. வாசலில் அவரை நிறுத்தி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஆர்லோ, எனக்கு ஆறுதல் சொல்றவங்க நெறைய பேர் இருந்துட்டுப் போயிட்டாங்க. உங்களுக்கு நிஜமா ஞாபகம் வந்தா வந்து சொல்லுங்க. எது வந்தாலும் சரி, மேலேன்னாலும் சரி. வரலேன்னா சொல்லாதீங்க."

அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு தினமும் ஹேங்கருக்கு வந்தார். எதையும் துடைக்கவில்லை. விமானியின் இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கையை அந்த வரிசையில் ஓட்டிக்கொண்டே இருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கைப்பிடிகளை உன் இஷ்டத்துக்கு மேலேயும் கீழேயும் மாற்றி வை, நான் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறேன், எதெல்லாம் கீழே இருந்தது என்று என் கைக்குத் தெரிகிறதா பார்க்கலாம் என்றார். வைத்தேன். மேஜையில் கிடக்கும் ரொட்டித் தூளைத் தட்டிவிடுவது மாதிரி ஒரே வீச்சில் தள்ளினார். எதெல்லாம் கீழே இருந்தது என்று கேட்டேன். ரெண்டு, அஞ்சு என்றார். நான் கீழே வைத்திருந்தது ஒன்றும் நாலும் ஆறும். மறுபடி வைக்கச் சொன்னார். மறுபடியும் தப்பு. மெதுவாகத் தள்ளிப் பாருய்யா என்றேன். மெதுவாகத் தள்ளினால் தெரிகிறது, ஆனால் அன்றைக்கு நான் மெதுவாகத் தள்ளவில்லையே என்றார். சாயங்காலம் வரை நாங்கள் அதையே செய்துகொண்டிருந்தோம். ஒரு தடவைகூட முழுசாகச் சரியாகச் சொல்லவில்லை. கடைசியில் அவர் தன் வலது கையை இடது கையால் அடித்தார், சின்னப் பிள்ளையை அடிப்பது மாதிரி. என்னால் பார்க்க முடியவில்லை, காப்பி போடப் போகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மே மாதக் கடைசி ஞாயிறு வந்தது. அன்றைக்கு மழை. கூரை ஒழுகும் இடங்களில் வாளி வைத்தோம். வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம், கூண்டைப் பார்க்கவே பல பேர் வந்திருந்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கான்னி அவளுடைய நுனியில் நின்றாள். ஹோலிஸ் மேடையில் ஏறித் தொண்டையைச் செருமினார். அப்போது ஆர்லோ கயிற்றை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்.

"ஹோலிஸ், எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. நாலாவது கீழேதான் இருந்துச்சு. அதை மேலே தள்ளினது நான்."

ஹோலிஸ் அவர் பக்கம் திரும்பினார். "எங்க அண்ணன் பேரை வாசிக்கப் போற இடம் இது. யோசிச்சுச் சொல்லு. சத்தியமா?"

"சத்தியமா" என்றார் ஆர்லோ.

நான் கான்னியைப் பார்த்தேன். அவள் ஆர்லோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஹோலிஸ் பேச்சு மாறாதவர் என்று சொன்னேனே. எல்லாப் பெயர்களையும் வரிசையாக வாசித்தார், தன் அண்ணன் பெயரையும் குரல் நடுங்காமல் வாசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, லெப்டினன்ட் எம்மெட் ஹாலொரன் என்றார். நாங்கள் எல்லாரும் கையை விரித்தோம். கயிறு விழுந்தது. ஒரு நுனி மட்டும் விழவில்லை, கான்னி அதை விடவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கயிறு அவர்களுக்கு நடுவில் அவள் கையிலேயே இருந்தது. அவள் சந்தோஷத்தில் தன்னை மறந்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

கூட்டம் காப்பிப் பக்கம் நகர்ந்ததும் ஆர்லோ அவளிடம் வந்தார். நான் அவர்களுக்குப் பக்கத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்குத் தெரியாதுன்னீங்களே" என்றாள் கான்னி.

"அப்புறம் வந்துச்சும்மா."

"நிஜமா வந்துச்சா, இல்ல நான் பாவம்னு வந்துச்சா?"

"நிஜமாதான் வந்துச்சு."

அவள் அவர் கையைப் பிடித்தாள். அன்பாகத்தான் பிடித்தாள், அதைச் சொல்ல வேண்டும். "இந்த உலகத்துல, அன்னிக்கு நின்ன இடத்துல அந்தக் கைப்பிடியைத் தொட்ட ஆளு ரெண்டே பேரு. ஒருத்தர் எங்க அப்பா. இன்னொருத்தர் நீங்க. என்னிக்காவது ஒருநாள் உங்களுக்கு ஞாபகம் வரும், வந்து சொல்வீங்கன்னு இருந்தேன். இனிமே நீங்க என்ன சொன்னாலும் நான் நம்ப முடியாது, ஆர்லோ. நிஜத்தைச் சொன்னாலும் முடியாது."

கையை விட்டுவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு மழையிலேயே போனாள். அதற்குப் பிறகு மே மாதங்களில் அவள் வரவில்லை. அவள் அப்பாவின் பெயரை இப்போதும் வாசிக்கிறோம்.

ஆர்லோ வாளிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே இருந்தார். நான் கயிற்றைச் சுருட்டி முடித்ததும் என்னிடம் வந்தார். நேற்றுக் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று தெரிந்தது என்றார். நாலாவது மட்டும் மற்றதைவிடக் கனமாக நகர்ந்தது, கட்டை விரலை வைத்துத் தள்ளினேன், சத்தியமாக ஞாபகம் இருக்கிறது என்றார்.

"நீயாவது நம்பு வாண்டா" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். நம்ப வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. சாயங்காலம் வரை உட்கார்ந்து கைப்பிடிகளை மாற்றி மாற்றி வைத்தவள் நான். மழை விட்டதும் வீட்டுக்குப் போகலாம் ஆர்லோ என்று மட்டும் சொன்னேன்.